வலப்பக்கம் திரும்பாத கார்

என் காருக்கு வலப்பக்கம் பிடிக்காமல் போனது ஓர் ஐப்பசி மாதத்தில். நேராகப் போனால் சத்தமே இல்லை. இடப்பக்கம் ஒடித்தால் பழகின மாடு மாதிரி திரும்பும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் வளைத்தால் மட்டும், முன்சக்கரத்துக்குள் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து பாக்கு வெட்டுவது போல 'டக், டக், டக்' என்று கேட்கும்.

வண்டியில் சத்தம் கேட்டால் நிறுத்தி இறங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. நான் முதலில் டேப் ரெக்கார்டர் சத்தத்தைக் கூட்டினேன். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் அந்த டக் பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அதுவும் தப்புத் தாளம்.

அது எண்பதுகளில் வந்த முதல் மாடல் சின்னக் கார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், மூக்குக் கண்ணாடி. எனக்குச் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்த கண் டாக்டர் பெரிய கார் வாங்கியபோது இதை என் தலையில் கட்டினார். தலையில் கட்டினார் என்பது என் மனைவி சொல்வது. நான் 'கிளாசிக்' என்பேன். ஊரில் சோப்பு டப்பா என்பார்கள். இருக்கட்டும், வாரா வாரம் நான் மெழுகு போட்டுத் துடைத்த துடைப்பில், அதில் முகம் பார்த்து மீசை வெட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சத்தத்தை நான் வைத்தியம் பார்க்காமல், மரியாதையாக ஒதுங்கிப் போக முடிவுசெய்தேன். வலப்பக்கம் திரும்பினால்தானே சத்தம்? திரும்பாவிட்டால் என்ன? கொஞ்சம் யோசித்தால் எந்த ஊரிலும் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம். ஒரு வலத்துக்கு மூன்று இடம், அவ்வளவுதான் கணக்கு. வீட்டிலிருந்து கடைக்கு ஒரே ஒரு வலது திருப்பம். அதைத் தவிர்க்க நான் ஒரு பள்ளிக்கூடம், இரண்டு ரைஸ் மில், ஒரு சுடுகாடு எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போனேன். பாலக்கரை ரவுண்டானா பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அந்த மாதிரி ஒன்றைக் கட்டினவனுக்கு என் மேல் என்ன கோபமோ.

கார்த்திகை முழுக்க இப்படி ஓடியது. ஒருநாள் சந்தைக்குப் போகும்போது மனைவி கேட்டாள்.

"என்னங்க, சின்ன வெங்காயம் வாங்க எதுக்குத் துறையூர் ரோட்டுக்கு வந்திருக்கோம்?"

"காத்து நல்லா வருதுல்ல."

"காத்து வருது. மார்க்கெட்டு வரலியே."

"வந்துரும். இன்னும் ரெண்டு லெஃப்டு."

அவள் என்னையும் ஸ்டியரிங்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒரு இழு இழுத்தாள். டக், டக், டக்.

"ஓஹோ," என்றாள். அந்த ஒரு ஓஹோவில் இருபது வருஷக் குடும்ப வாழ்க்கை இருந்தது.

அதோடு விட்டிருந்தால் நான் சாகும்வரை இடப்பக்கமாகவே வாழ்ந்திருப்பேன். ஆனால் தையில் ஒரு கல்யாணம் இருந்தது.

அரியலூரில் என் சகலை, அதாவது மனைவியின் தங்கை வீட்டுக்காரர், அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம். நான் பெரியப்பா. நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் காரில் போய் இறங்கியதுமே மாப்பிள்ளைப் பையன் ஓடிவந்து வண்டியைத் தடவிக் கொடுத்தான். ஆலத்தியூர் பக்கம் சிமெண்டு ஆலையில் இன்ஜினியர். "மாமா, முதல் மாடல்ல இது? இந்த மாதிரி சுத்தமா நான் பார்த்ததே இல்ல," என்றான். வண்டி என் கைக்கு வந்ததிலிருந்து யாரும் சொல்லாத வார்த்தை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தாம்பூலத் தட்டு இன்னும் கைமாறவில்லை, அதற்குள் நான் எழுந்து நின்று சபையில் அறிவித்துவிட்டேன்: "மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான். நானே ஓட்டுறேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் தட்டவில்லை. அவர் காரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷி; ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவ்வளவுதான். இதற்கு முன் உடையார்பாளையம் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போன இடத்தில், வாசற்படியில் கால் வைத்த நேரம் பார்த்து கரண்ட் போயிருக்கிறது. அப்படியே செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டாராம். கரண்டு போனதற்கே இந்தக் கதி என்றால், மகன் உட்கார்ந்து வரும் கார் நடு ஊர்வலத்தில் நின்றால்? கல்யாணம் நிற்காது. ஆனால் அந்தப் பெண் போகிற வீட்டில் பால் திரிந்தாலும், மாடு செனை பிடிக்காவிட்டாலும், 'அன்னைக்கே வண்டி நின்னுச்சே' என்றுதான் பேச்சு வரும். பெண்ணின் அம்மா, என் கொழுந்தியாள், கிளம்பும்போது காதோடு சொன்னாள்: "மாமா, எம்பொண்ணு அந்த வூட்டுல நிம்மதியா இருக்கறது இப்ப ஒங்க கார்லதான் இருக்கு. பாத்துக்குங்க."

பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு, வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்பி, அரியலூர் ரயில்வே கேட் வரைக்கும் போய்ச் சுற்றி வந்து, குன்னம் வழியாக வீடு சேர்ந்தேன்.

மார்கழியில் சகலைக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "அழைப்பு எந்த வழி?"

"பிள்ளையார் கோயில்ல பூசைய முடிச்சி, நாலு வீதியும் சுத்தி மண்டபம், அண்ணே."

"எப்படிச் சுத்தறோம்?"

"எப்படின்னா? வலமாத்தான்."

நாலு வீதி. நாலு முக்கு. நாலும் வலது.

"இல்ல, எடப்பக்கமா சுத்தினா மார்க்கெட் நெரிசல் கம்மியா இருக்குமேன்னு பாத்தேன்."

எதிர்முனையில் சகலை குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, ஒடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்கு? எடமா எதுக்குச் சுத்துவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? கொள்ளிச் சட்டியையும் எடுத்துட்டு வரச் சொல்றீங்களா?"

போனை வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் சமையலறைத் தரையில் கோலமாவால் நாலு வீதி வரைந்து, தீப்பெட்டியை வைத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பின்பக்கமாக, ரிவர்ஸிலேயே நாலு வீதியும் ஓட்டினால் என்ன? அப்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் போதுமே! எனக்கே அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. மனைவி ரசம் கொதிக்கும் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை ஊர் சனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டா வருவாரு?"

"சீட்டைத் திருப்பிப் போட்டுட்டா?"

"ஒங்களத் திருப்பிப் போட்டாத்தான் சரிப்படும். போயி வண்டிய ரிப்பேர் பண்ணுங்க."

சொன்னது என்னவோ சரிதான். ஆனால் ரிப்பேர் என்பது இருபது வருஷப் பழைய சோப்பு டப்பாவின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. தெரிந்துகொள்ளும் தைரியம் இருந்தால் நான் ஏன் சுடுகாட்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறேன்?

ஹைவேஸ் ஓரத்தில் என் பள்ளிக்கூடச் சினேகிதன் ஒருவன் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். சுண்ணாம்புக்கல் லாரிகள்தான் அவன் உலகம். பத்து சக்கரத்துக்குக் குறைந்த எதையும் அவன் வண்டி என்று ஒப்புக்கொள்வதில்லை. என் காரைப் பார்த்ததும், "இத ஜாக்கி வெச்சித் தூக்கணுமா, இல்ல கையிலயே எடுத்துக்கலாமா?" என்றான். பிறகு கோணிச்சாக்கை விரித்துப் போட்டுக் காருக்கு அடியில் நுழைந்தான். நுழைந்தவன் வெகுநேரம் வரவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் முன்னும் பின்னும் ஓடியது. கடைசியில் தலையை மட்டும் வெளியே நீட்டினான். முகத்தில் கவலை.

"டேய். ஒண்ணு கேப்பேன், பதறக் கூடாது."

இப்படிச் சொன்னால் நான் பதறாமல் இருப்பேனா? அப்போதே பதறிவிட்டேன். "என்னடா?"

"கடைசியா வண்டிய யார்கிட்ட விட்ட?"

"ஏன்?"

"நீட்டு ஷாஃப்ட்டு இல்லடா. இன்ஜின்லேர்ந்து பின்சக்கரத்துக்குப் போவும்ல, இரும்புக் குழா, அது மொத்தமும் இல்ல. எவனோ கழட்டி எடைக்குப் போட்டுட்டான்."

ஷாஃப்ட்டே இல்லாமல் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன்! குன்னம் போய் வந்திருக்கிறேன்! அரியலூர் போய் வந்திருக்கிறேன்! எந்தக் கடவுள் தள்ளிக்கொண்டு வந்தார் என்று தெரியாமல் கையைத் தூக்கிக் கும்பிட்டேன். அவனும் கும்பிட்டான். காரை வாங்கும்போது டாக்டர் சொன்னது அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது.

"டேய், இந்த வண்டிய முன்சக்கரம்ல இழுக்குது."

"முன்சக்கரமா? அப்ப பின்சக்கரம் என்னாத்துக்கு?"

"கூட வர்றதுக்கு."

"ஆபீசர் மாதிரி," என்றான் அவன். மறுபடி உள்ளே போனான். இந்தத் தடவை முன்பக்கம். விஷயம் விளங்கிவிட்டது. இந்த மாதிரிக் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஷாஃப்ட் போகிறது. சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் அதன் முனையில் மணிக்கட்டு மாதிரி ஒரு ஜாயிண்ட். கிண்ணத்துக்குள் இரும்புக் குண்டுகள். அதன் மேல் மண் போகாமல் ரப்பர் உறை. என் வண்டியில் உறை கிழிந்து, கிரீஸெல்லாம் வெளியே தெறித்து, சுண்ணாம்புப் புழுதி உள்ளே புகுந்து, குண்டுகள் கிண்ணத்தைத் தின்றிருந்தன. வலப்பக்கம் திரும்பும்போது இடது சக்கரத்துக்குத்தான் பாரம். அதனால் அங்கே டக். வலது பக்கமும் தேய்ந்திருந்தது, ஆனால் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"இப்டியே ஓட்டினா?"

"ஓட்டு. ஒருநாளு ஒடிஞ்சி நிக்கும். இன்ஜின் பாட்டுக்குக் கத்தும், வண்டி நவுராது."

"எப்ப ஒடியும்?"

"மாப்பிள்ளை உக்காந்திருக்கறப்ப," என்றான் அந்தப் பாவி, பல்லைக் காட்டிக்கொண்டு.

முதல் மாடலுக்கு ஷாஃப்ட் பெரம்பலூரில் கிடைக்கவில்லை. திருச்சியில் ஒரு கடையில் இருந்தது. எல்லாக் கடைக்காரரையும் போல அவரும் இதுதான் கடைசி ஜோடி என்றார். ஜாயிண்ட்டோடு சேர்ந்த இரண்டு ஷாஃப்ட், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒரு முனையில் பெரிய இரும்பு உருண்டை, நடுவில் மெலிந்த தண்டு. நியூஸ் பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தார். கார் இல்லாததால் பஸ்ஸில் வந்தேன். உட்கார இடம் இல்லை. இரண்டு தோளிலும் ஒவ்வொன்றைச் சாய்த்துக்கொண்டு கம்பியில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

சமயபுரத்தில் ஏறின ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தொப்பை, மீசை, இரண்டு தோளிலும் கதாயுதம்.

"எந்த ஊர்ல கூத்து?" என்றார்.

"கூத்து இல்லீங்க. இது கார் சாமான்."

"வெளில சொல்லக் கூடாதுன்னா வேணாம். என்ன வேசங்க ஒங்களுது?"

அதற்குள் கண்டக்டர் வந்து பேப்பரை விரலால் தட்டிப் பார்த்து, "இது அட்டையில செஞ்சதில்லியே, அசலாயிருக்கே. யாரையாவது அடிக்கப் போறீங்களா?" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாடாலூரில் இறங்கிய ஒரு பெண் தன் கைக்குழந்தையிடம் என்னைக் காட்டி, "சாமிக்கு டாட்டா சொல்லு," என்றாள். நானும் ஒரு கதாயுதத்தைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தேன். வேறு என்ன செய்ய?

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பமானது. சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய நட். அதைக் கழற்றினால்தான் ஷாஃப்ட் வெளியே வரும். சினேகிதன் ஸ்பேனரில் ஓர் ஆள் நீளக் குழாயைச் செருகினான். "நீ உள்ள உக்காந்து பிரேக்க அழுத்திப் புடி. நான் தொங்குறேன். வுட்டுறாத," என்றான். வுடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். அவன் முழு எடையோடு குழாயில் தொங்க, வண்டி கிரீச் என்று ஒரு முனகு முனகியது. அந்தச் சத்தத்தில் என் கால் தன்னிச்சையாகப் பிரேக்கை விட்டுக் கிளட்சுக்குத் தாவிவிட்டது. கார் நகர, குழாய் சரிய, அவன் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான்.

"பிரேக்குன்னா எதுடா ஒங்க ஊர்ல?"

"பயத்துல மாறிடுச்சு."

"ஒனக்கென்னடா பயம்? தொங்கறவன் நானு!"

இரண்டாவது முறை நட் வந்தது. ஷாஃப்டை நெம்பி இழுத்ததும் கியர்பாக்ஸிலிருந்து கறுப்பாகக் குபுகுபுவென்று கொட்டியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு லாரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். கியர் ஆயில்தான். பழசு போகட்டும், புதுசு ஊற்றலாம் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் என் தோள் துண்டை அந்த ஓட்டைக்குள் திணித்துவிட்டிருந்தேன். அதை வெளியே எடுக்கத் தனியாகக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

புது ஷாஃப்டை உள்ளே செருகும் கட்டம் வந்தது. அவன் ஒரு சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு, மரக்கட்டையை முட்டுக்கொடுத்தபடி சொன்னான்: "இதோட முனையில ஒரு வளையம் இருக்குல்ல. ஓங்கி ஒரு தட்டு தட்டினா டக்குன்னு போயி மாட்டிக்கும்னு அந்தத் திருச்சிக் கடைக்காரன் போன்ல சொன்னான்."

"டக்கா?" என்றேன்.

"ஆமா. டக்குன்னு."

மூன்று மாதமாக அந்த ஒரு சத்தத்துக்குப் பயந்து இடப்பக்கமாக வாழ்ந்தவன் நான். அந்த டக்கை என் கண்ணெதிரே, புத்தம்புது ஷாஃப்டில், இவன் சுத்தியால் அடித்து உண்டாக்கப் போகிறான்!

"வேணாம்டா! டக்கே வேணாம். இந்த வண்டில இனிமே அந்தச் சத்தமே கேக்கக் கூடாது. பதமா வை."

"அடிக்காம எப்படிடா?"

"கொழந்தைய தூளியில போடற மாதிரி வை."

நண்பன் என்பதால் கேட்டான். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு ஷாஃப்டையும் அவ்வளவு மிருதுவாக உள்ளே தள்ளினான். ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பரம திருப்தி. சக்கரம் மாட்டி, கீழே இறக்கி, புது ஆயில் ஊற்றினோம்.

லாரிப் பட்டறையில் பெரிய வேலை முடிந்தால் பூசை போடாமல் வண்டியை வெளியே விடமாட்டார்கள். குங்குமம், கற்பூரம், நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். டீக்கடைக் கூட்டம் முழுக்கச் சுற்றி நின்றது. நான் பெருமாளை வேண்டிக்கொண்டு முதல் கியரைப் போட்டேன். கார் உறுமியது. எலுமிச்சம்பழத்தின் மேல் பாதி ஏறியது. கடக்கென்று ஏதோ விட்டுப்போக, சரிந்து பின்னால் வந்து நின்றது. இன்னும் மிதித்தேன். இன்ஜின் வானத்துக்கும் பூமிக்கும் கத்தியது. கார் நகரவில்லை. பழம் முழுசாக, மஞ்சளாக, அப்படியே இருந்தது.

"எலுமிச்சம்பழம் ஏறலியா?" என்றார் ஒரு டிரைவர், உண்மையான அக்கறையோடு. "நாங்க மூட்டை மூட்டையா சிமிட்டி ஏத்திக்கிட்டு பச்சமலை ஏறறம்."

"பழத்த எடுத்துட்டுக் கெளப்பச் சொல்லு," என்றார் இன்னொருவர். "இல்லாட்டி சின்னதா வெய்யி."

நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா செருப்பைத் திரும்ப மாட்டுவது கண்முன் தெரிந்தது. அதற்குள் சினேகிதன் காருக்கு அடியில் போயிருந்தான். அங்கிருந்து அவன் குரல் வந்தது. அதில் வந்த முதல் நாலைந்து வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

"…மாட்டவே இல்லடா! கழண்டு வந்து ஆயில் ஒழுகுது. தூளியில போடணுமாம்ல, தூளியில!"

மறுபடி நட், மறுபடி குழாய், மறுபடி பிரேக். இந்தத் தடவை என்னைப் பட்டறைக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு லாரிக்காரர்களைக் காவலுக்குப் போட்டுவிட்டார்கள். உள்ளேயிருந்து ஓங்கி ஓர் அடி. டக். இன்னோர் அடி. டக். ஒவ்வொரு டக்குக்கும் என் டீ கிளாஸ் ஆடியது.

ஆனால் கார் எலுமிச்சம்பழத்தைச் சட்னியாக்கிவிட்டு வெளியே வந்தது. நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுசாக ஒடித்தேன். ஒரு சத்தம் இல்லை. பட்டறை முன்னால் இருந்த பொட்டலில் வலமாக ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு கணக்கே இல்லை. இளங்காளை கயிற்றை அறுத்துக்கொண்ட மாதிரி சுற்றினேன். வீட்டுக்குப் போகும் வழியில் பாலக்கரை ரவுண்டானாவை வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி வந்தேன். போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சார், வழி தெரியலியா?" என்றார். "இப்பத்தான் தெரியுது," என்றேன்.

அழைப்பு நாள் சாயங்காலம். காருக்குச் சகலை செவ்வந்தியால் போர்வை போர்த்தி, முன்னால் மணமக்கள் பெயர் எழுதின அட்டையைக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார். மாப்பிள்ளை பின்சீட்டில், மாலையோடு. முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் சனம். பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில் ஸ்டியரிங் பிடித்தவன் நான்.

முதல் முக்கு, வலது. சத்தம் இல்லை. இரண்டாவது முக்கு. இல்லை. மூன்றாவது முக்கில் நான் கண்ணாடியில் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தேன். மாப்பிள்ளையின் அம்மாகூடக் காரின் பக்கவாட்டில் நடந்துகொண்டே இரண்டு பேரிடம் வண்டியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டு வந்தார். நாலாவது முக்குதான் குறுகல். தேங்காய்க் கடைத் தட்டு பாதி ரோட்டில் கிடந்தது. ஸ்டியரிங்கைக் கடைசிவரைக்கும் ஒடித்தேன்.

டக். டக். டக்.

எனக்கு அதன்பிறகு என்ன நடந்தது என்பதைப் பிறர் சொல்லித்தான் தெரியும். நான் பிரேக்கை அடித்தேனாம். இந்த முறை சரியான பிரேக். நாதஸ்வரம் இரண்டு அடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்ததாம். நான் கதவைத் திறந்து இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, நடுவீதியில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டேனாம். என்ன வேடிக்கை என்றால், காருக்கு எதுவும் ஆகவில்லை. வண்டி நிற்கக் கூடாது என்று மூன்று மாதம் பாடுபட்டவன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை என் கையாலேயே நிறுத்திவிட்டேன். சகலை கட்டிய கட்டுக்கம்பியின் வால் ஒன்று தொங்கி, சக்கரம் முழுக்கத் திரும்பும்போது டயரில் மோதியிருக்கிறது. கையால் மடக்கிவிட்டேன். முடிந்தது.

முடிந்ததா? தவில் நின்றுவிட்டிருந்தது. அடியிலிருந்து பார்த்தால் கால்கள் மட்டும் தெரிந்தன. அத்தனை கால்களும் அசையாமல் நின்றன. ஒரு ஜோடிக் கால் மட்டும் என்னை நோக்கி வந்தது. சரிகைக் கரை. மாப்பிள்ளையின் அம்மா.

"என்னண்ணே? வண்டி நின்னு போச்சா?"

அவர் குரலில் அந்தக் கரண்ட் போன வீடு கேட்டது. எழுந்து வெளியே போனால் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அடியிலேயே குடியிருக்கலாம் என்று தோன்றியது. மண்டபத்து மாடி ஜன்னலில் எங்கள் பெண் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அலங்காரம் பாதியில், ஒரு காதில் ஜிமிக்கி, இன்னொரு காதில் இல்லை.

அப்போது இன்னொரு ஜோடிக் கால் வந்தது. மெட்டி எனக்குத் தெரிந்த மெட்டி.

"நின்னெல்லாம் போகலிங்க சம்பந்தியம்மா," என்றாள் என் மனைவி, காய்கறி விலை சொல்கிற குரலில். "எங்க பக்கத்து வழக்கம் இது. கடேசி முக்குல பொண்ணோட பெரியப்பா வண்டிய நிறுத்தி, சக்கரத்த வணங்கிட்டுத்தான் மாப்பிள்ளைய மண்டபத்துக்குள்ள கூட்டிட்டுப் போவணும். வழியில வந்த திருஷ்டியெல்லாம் அவரோட போயிரும். ஒங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், கல்யாண வேலையில மறந்துட்டேன்."

"ஓ," என்றார் அந்த அம்மா. கொஞ்சம் யோசித்தார். "படுத்துக்கிட்டா வணங்கணும்?"

"படுத்தாத்தான் முழுப் பலன்."

பிறகு குனிந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி: "என்னங்க, தொட்டுக் கும்பிட்டுத் தொலைங்க. தேங்காய்க் கடையில கற்பூரம் வாங்கிட்டேன்."

சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். உண்மையான பக்தியோடு. வெளியே வந்தபோது மனைவி கற்பூரம் சுற்றிக்கொண்டிருந்தாள். சகலைக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் தேங்காய் உடைத்தார். தவில் மறுபடி வெளுத்து வாங்கியது. மாப்பிள்ளையின் அம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "நல்ல மனசு ஒங்களுக்கு. எல்லாத் திருஷ்டியையும் நீங்களே வாங்கிக்கிட்டீங்க," என்றார். மாடி ஜன்னலில் ஆள் இல்லை. இன்னொரு ஜிமிக்கி மாட்டப் போயிருப்பாள்.

பெண் அந்த வீட்டில் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அங்கே நல்லது எது நடந்தாலும் மாமியார் சொல்கிற முதல் காரணம் நான் வீதியில் படுத்ததுதான். வழக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை யார் விடுகிறார்கள்? மறுவருஷம் அவர்கள் வீட்டு இன்னொரு கல்யாணத்தில், மணப்பெண்ணின் பெரியப்பா, பாவம், எலக்ட்ரிசிட்டி ஆபீஸ்காரர், இடுப்புவலிக்காரர். அவரையும் படுக்க வைத்தார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது, பெண்வீட்டில் பெரியப்பா இல்லை என்று சொல்லி, ராசியான ஆள் வேண்டும் என்று என்னையே பத்திரிகை வைத்து அழைத்தார்கள்.

அந்தத் தடவை பெரிய, வெள்ளை, வாடகைக் கார். குளிர்சாதனம் போட்டது. கடைசி முக்கு வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, அடியில் போய்ப் படுத்தேன். ஏழெட்டுக் குடும்பம் கைகூப்பி நின்றது. டிரைவர் புது ஆள். அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கதவைத் திறந்து ஓடி வந்தவர், என் பக்கத்தில் குப்புற விழாத குறையாகக் குனிந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சார், ஓனர் வண்டி சார். என்ன சார் சத்தம் கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல தம்பி."

"அப்புறம் ஏன் சார் படுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க சார், ஆக்ஸில் ஒடிஞ்சிருச்சா?"

விளக்கிச் சொன்னால் நம்புகிற நிலையில் அவர் இல்லை. அந்த நிலையை நான் நன்றாக அறிவேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். அவரும் உள்ளே வந்து படுத்துக்கொண்டார்.